காயத்தின் அருகே ஓர் அளவுகோல்

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ராயல் பெவிலியன் என்றொரு மாளிகை இருக்கிறது. இந்தியாவில் கால் வைக்காத ஓர் ஆங்கில அரசன், கீழைநாட்டு அரண்மனை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கட்டிக்கொண்ட கடற்கரை வீடு. வெளியே வெங்காய வடிவக் கும்மட்டங்கள், உள்ளே சீன டிராகன்கள். முதல் உலகப் போரின்போது, 1914 டிசம்பரில், அதை இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக மாற்றினார்கள். பிரான்சின் போர்முனையில் குண்டடிபட்டவர்களைக் கப்பலிலும் ரயிலிலும் கொண்டுவந்து அங்கே கிடத்தினார்கள். அந்த வார்டுகளின் புகைப்படங்களைக் காட்டினால், பார்ப்பவர்கள் கூரை வேலைப்பாட்டைத்தான் வியக்கிறார்கள். என் கண் படுக்கை விரிப்பிலேயே நின்றுவிட்டது.

ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலுக்குக் கட்டில் போர்வை ஒரே அகலத்தில் மடிக்கப்பட்டிருக்கிறது. கட்டுகளில் கறை இல்லை. நடக்க முடிந்தவர்கள் கட்டிலருகே நிற்கிறார்கள். படுத்திருப்பவர்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். எந்த வார்டும் தானாக இப்படி இருக்காது. மேலதிகாரி வருகிறார் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் மட்டும் இருக்கும்.

நான் சிங்கப்பூரில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பிற்பாதி முழுவதும் காயப் பராமரிப்பு. நீரிழிவால் ஆறாத கால்புண், படுக்கைப்புண், அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிந்துபோன தையல், இவைதாம் என் உலகம். காயத்தைப் படம் எடுப்பதும் வேலையில் ஒரு பகுதி. அதற்கென்று ஒரு முறை உண்டு. நோயாளியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். புண்ணின் ஓரத்தில் காகித அளவுகோலை வைக்க வேண்டும்; அதில் தேதி இருக்க வேண்டும். முகம் வரக் கூடாது. அடுத்த முறையும் அதே தூரத்தில், அதே கோணத்தில் எடுக்க வேண்டும். அப்போதுதான் புண் சுருங்குகிறதா, சிவந்த புதுச்சதை ஏறுகிறதா, ஓரம் கறுக்கிறதா என்பது தெரியும். அந்தப் படம் மருத்துவருக்குப் போகும். சில வேளை காப்புறுதி நிறுவனத்துக்கும், அரிதாக வழக்கறிஞருக்கும் போகும். யாரும் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காகக் காயத்தைப் படம் எடுப்பதில்லை.

அதனால் போர்க்காலத்துக் காயப் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழுவது ஒரே கேள்விதான். இது யாரிடம் காட்டுவதற்காக எடுத்தது?

பிரைட்டன் படங்களுக்குப் பதில் எளிது. 1914 நவம்பரில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்துவிட்டது. இஸ்லாமியச் சிப்பாய்கள் மனம் மாறிவிடுவார்களோ என்ற பயம் லண்டனில் இருந்தது. உங்கள் பிள்ளைகளை அரண்மனையிலேயே படுக்கவைத்திருக்கிறோம் என்று பஞ்சாப் கிராமங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. படங்கள் அஞ்சலட்டைகளாகின. ஆங்கிலம், உருது, குர்முகி மூன்றிலும் ஒரு சிறு நூல் அச்சிட்டு அனுப்பினார்கள். அதில் சொன்னவை பொய்யல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவுப் பழக்கத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் இருந்தன. வார்டுகளில் இந்துக்களுக்குத் தனியாகவும் முஸ்லிம்களுக்குத் தனியாகவும் குடிநீர் வைத்திருந்தார்கள். மாளிகையின் பெரிய சமையலறை அறுவை சிகிச்சைக் கூடமானது. இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் நகருக்கு வெளியே குன்றின் மீது தகனம் செய்தார்கள். 53 பேரை எரித்த அந்த இடத்தில் 1921-இல் சத்ரி என்ற நினைவு மண்டபம் எழுந்தது. இவ்வளவையும் செய்தவர்கள் நோயாளிகள் மீது அக்கறையே இல்லாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அதே ஊரில், பழைய ஏழைகள் விடுதி ஒன்றில் நடந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் கதை வேறு. அதன் தலைமை அதிகாரி கர்னல் புரூஸ் சீட்டன். சுற்றிலும் முள்வேலி, வாசலில் காவல். நோயாளிகள் வெளியே போகக் கூடாது. சிறையில் இருக்கிறோம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த அடைப்பைத் தாங்க முடியாமல் ஓர் இந்திய உதவி மருத்துவர் சீட்டனையே சுட முயன்றார். இதே சீட்டன் 1915-இல் வேறொரு காரியமும் செய்தார். போரிலிருந்து தப்பிப்பதற்காக இந்தியச் சிப்பாய்கள் தாங்களே கையில் சுட்டுக்கொள்கிறார்கள் என்று மேலிடத்தில் சந்தேகம் இருந்தது. அவர் 1,000 காயங்களை எடுத்து ஆராய்ந்தார். எந்தக் கை, எந்தப் பக்கம் நுழைவு, எந்தப் பக்கம் வெளியேற்றம் என்று கணக்கிட்டார். அப்படிப் பரவலாக நடக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். வலியில் கிடப்பவனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவன் பொய்யனா என்று தீர்மானிக்கும் வேலை அது. சிப்பாய்க்குச் சாதகமாகத்தான் முடிந்தது. இருந்தாலும் அந்தக் கட்டிலருகே நின்ற தாதியை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அவருடைய நிலையில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

தாதி என்று சொல்லிவிட்டேன். அந்த வார்டுகளில் வெள்ளைக்காரத் தாதியர் இந்தியர்களின் காயத்தைத் தொடக் கூடாது, மேற்பார்வை மட்டும்தான். 1915 மே மாதம் காயமுற்ற இந்திய வீரர் ஒருவரின் அருகே ஓர் ஆங்கிலத் தாதி நிற்கும் படத்தை லண்டன் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. காயம் யாருக்கும் உறுத்தவில்லை. தாதி நின்ற இடம் உறுத்தியது. இந்திய மருத்துவமனைகளிலிருந்து பெண் தாதியரை விலக்கும் அளவுக்குப் போனது இராணுவம். கட்டுப் போடும் கைகளைவிடப் பேரரசின் மானம் பெரிது என்று முடிவெடுத்த அந்த அதிகாரிகள் யாரும் ஒரு நாளாவது சீழ் வடியும் தொடையைக் கழுவியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்துக் காயங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிரான்சின் போர்முனை பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக எரு இட்ட வயல். ஷெல் துண்டோடு மண்ணும் சீருடைத் துணியும் உள்ளே போகும். சதைக்குள் வாயு உண்டாகி, தொட்டால் நறநறவென்று ஒலிக்கும் அழுகல் அது. பெனிசிலின் வர இன்னும் காலம் இருந்தது. அலெக்சிஸ் கேரலும் ஹென்றி டேக்கினும் சேர்ந்து, வெளுப்பு உப்பை நீர்க்கச் செய்த கரைசலைக் குழாய் வழியாகக் காயத்துக்குள் விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். டேக்கின் கரைசல் என்ற பெயரை இன்றும் காயப் பராமரிப்புப் பாடங்களில் படிக்கிறோம். பிரைட்டன் அஞ்சலட்டைகளில் இந்தக் குழாய்கள் எங்கே என்று தேடிப் பார்த்தேன். கண்ணில் படவில்லை. வாடை படத்தில் வராது என்பது புகைப்படக்காரருக்கு எவ்வளவு பெரிய வசதி!

அந்தப் படங்களில் தமிழ் முகம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். போர்க்குலங்கள் என்று ஆங்கிலேயர் வகுத்துவைத்த பட்டியல் பெரும்பாலும் வடக்கைச் சேர்ந்தது.

இன்னும் பின்னால் போனால், புகைப்படக் கருவி பிறப்பதற்கு முன்பே ஒரு படம் இருக்கிறது. 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் வந்தது. கவாஸ்ஜி என்ற மராட்டியர், ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். 1792-இல் முடிந்த போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். பிறகு புனே அருகே ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீறித் திருப்பி, புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் வரைந்த கவாஸ்ஜியின் உருவத்தோடு செய்தி வெளியானது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் இதே அறுவையைச் செய்து பார்த்தார். நெற்றித் தோலை மடக்கி மூக்கைக் கட்டும் முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அப்படிச் செய்த ஒருவருக்கு நானே கட்டு மாற்றியிருக்கிறேன். காட்டுவதற்கு அந்தப் படத்தில் இரண்டு செய்திகள் இருந்தன: திப்புவின் கொடுமை, இந்தியரின் கைத்திறன். லண்டன் வாசகர் முதலாவதைப் பார்த்துக் கொதித்திருப்பார். மருத்துவர் இரண்டாவதைப் பார்த்து நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார். வண்டியோட்டியின் பெயர் இருக்கிறது, ஓவியரின் பெயர் இருக்கிறது. மூக்கைச் செய்தவரைச் செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர் என்று மட்டும் குறிப்பிட்டு அந்தச் செய்தி கடந்துவிடுகிறது.

கிரிமியப் போருக்கு 1855-இல் கேமராவோடு போன ரோஜர் பென்டன் சடலங்களைக் காட்டவில்லை. காயங்களையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். அவரைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ரீட் பான்டிகூ என்ற இராணுவ அறுவை மருத்துவர் செய்தது வேறு ரகம். வாஷிங்டனில் ஹேர்வுட் மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்த அவர், தம் நோயாளிகளைத் தாமே படம் எடுத்தார். சட்டையைக் கழற்றிய இளைஞர்கள், பெயர் எழுதிய பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். சில படங்களின் மேல் பான்டிகூ சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார். குண்டு இங்கே நுழைந்தது, இப்படிப் போனது, இங்கே வெளியே வந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த அந்தக் கோடு. ஓய்வூதிய வாரியத்தின் முன்னால் சிப்பாய்க்கு அதே படம் சாட்சி. நான் பார்த்த போர்க்காலப் படங்களில் எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றுபவை இவைதாம். எதற்காக எடுத்தோம் என்பதை இவை மறைக்கவில்லை. முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, காயம் இருக்கிறது, பணம் கேட்கும் உரிமையும் இருக்கிறது. அந்த இளைஞர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ஊனத்தோடு ஊர் திரும்பிய ஒருவனிடம் போய், உன் முகத்தை மறைத்து அந்தரங்கத்தைக் காத்தோம், ஓய்வூதியம்தான் கிடைக்கவில்லை என்று சொன்னால் அவன் என்ன சொல்வான்?

முகம் சிதைந்த வீரர்களுக்கு லண்டன் அருகே சிட்கப்பில் ஹெரால்ட் கில்லிஸ் செய்த அறுவைகளின் படங்கள் இப்போது சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. 1917-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் 5,000-க்கும் மேற்பட்டோருக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஹென்றி டாங்க்ஸ் என்ற ஓவியர், அறுவை மருத்துவராகப் பயின்றவர், அதே முகங்களை வண்ணக் கட்டியால் வரைந்தார். ஊருக்குள் போகும் வழியில் சில இருக்கைகளுக்கு நீலவண்ணம் பூசி வைத்திருந்தார்களாம், அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊரார் முன்கூட்டியே தெரிந்துகொள்ள. இத்தனை பேர் பட்டதை "முன், பின்" என்று இரண்டு கட்டங்களில் போட்டு, செயற்கை வண்ணம் ஏற்றி, கீழே வியப்புக் குறிகளை வரிசையாக இடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அழகு நிலைய விளம்பரம்கூட இதைவிட மரியாதையாக இருக்கும்.

நம் ஊருக்கு வருகிறேன்.

ஜப்பானியப் படை நகரை நெருங்கிய 1942 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சிங்கப்பூரின் நடுப்பகுதி முழுவதுமே மருத்துவமனைதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் நீள்பலகைகளுக்கு நடுவே காயம்பட்டவர்கள் கிடந்தார்கள். விக்டோரியா நினைவு மண்டபத்திலும் அப்படியே. புல்லர்ட்டன் கட்டடத்தில் தற்காலிக அறுவைக் கூடம் நடந்தது. இன்று சனி ஞாயிறுகளில் அங்கே திருமணப் படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். எடுக்கட்டும், நானும் என் பெண்ணின் திருமணத்துக்கு அங்கே நின்றவள்தான். அவுட்ரமில் உள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்தில், தண்ணீருக்காக அவசரமாகத் தோண்டியிருந்த பள்ளத்தையே கடைசி நாள்களில் புதைகுழியாக்கினார்கள். பொதுமக்களும் படைவீரர்களுமாக 400-க்கும் மேற்பட்டோர் ஒன்றாக அதில் இருக்கிறார்கள். யார் யார் எந்த வரிசையில் என்று பிரிக்க முடியாது என்பதால், அங்கு இறந்த படையினரின் பெயர்கள் கிராஞ்சிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தனி நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளன.

பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையாக 1938-இல் கட்டப்பட்ட இன்றைய அலெக்ஸாண்ட்ராவின் கதை பலருக்குத் தெரியும். பிப்ரவரி 14 பிற்பகல். பாசிர் பாஞ்சாங் மலைமுகட்டில் மலாய்ப் படைப்பிரிவின் எதிர்ப்பைத் தாண்டிவந்த ஜப்பானியர், பின்வாங்கிய இந்தியத் துருப்புகள் மருத்துவமனைப் பக்கத்திலிருந்து சுட்டதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வெள்ளைத்துணி பிடித்துப் போன அதிகாரியைக் குத்தினார்கள். அறுவை மேசையில் மயக்கத்தில் இருந்தவரையும் விடவில்லை. ஏறத்தாழ 200 பேரைப் பக்கத்துக் குடியிருப்பு அறைகளில் இரவு முழுவதும் நெருக்கி அடைத்து, மறுநாள் வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். பீரங்கிக் குண்டு ஒன்று சுவரைப் பெயர்த்ததால் சிலர் தப்பினார்கள். அவர்கள் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. அந்த இரண்டு நாள்களுக்கும் படம் இல்லை. கொன்றவர்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. பிழைத்தவர்களிடம் கருவி இல்லை.

பிறகு சாங்கி, சிங்கப்பூர் வீழ்ந்ததும் சரணடைந்த படையினரை அடைத்துவைத்த இடம். ராபர்ட்ஸ் முகாம்தான் போர்க்கைதிகளின் மருத்துவமனை. கேமரா வைத்திருப்பது பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படியும் ஜார்ஜ் அஸ்பினால் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் படம் எடுத்தார். தப்பி ஓட மாட்டோம் என்று எழுதித் தர மறுத்த 15,000-க்கும் மேற்பட்ட கைதிகளை 1942 செப்டம்பர் தொடக்கத்தில் செலராங் முகாமின் சதுக்கத்தில் நெருக்கி அடைத்தபோது, அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. கூரைகளிலும் மாடங்களிலும் மனிதத் தலைகள். சதுக்கத்தின் தார்த்தரையைத் தோண்டிக் கழிப்பிடக் குழிகள். சில நாள்களில் வயிற்றுக்கடுப்பு பரவியது. ராபர்ட்ஸில் படுத்திருக்கும் நோயாளிகளையும் இங்கே கொண்டுவந்து போடுவோம் என்று ஜப்பானியர் சொன்ன பிறகுதான் அதிகாரிகள் கையெழுத்திட இணங்கினார்கள். மற்றவர்களுக்கு இது கைதிகளின் உறுதியைக் காட்டும் படம். எனக்கு அது கழிப்பிடங்களின் படம். இத்தனை பேருக்கு இத்தனை குழிகள் என்றால் எத்தனையாவது நாளில் முதல் சாவு விழும் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது.

கேமரா இல்லாதவர்கள் வரைந்தார்கள். மரே கிரிபின், ஜாக் சாக்கர் போன்றவர்களின் தாள்களில் படங்களுக்குள் வராத எல்லாம் இருக்கின்றன. விபத்துக்குள்ளான வண்டிகளின் உலோகத்தையும் கிடைத்த மரத்தையும் கொண்டு முகாமுக்குள்ளேயே செயற்கைக் கால் செய்தார்கள். உயிர்ச்சத்துக் குறைவால் வாயும் தோலும் வெடித்தபோது, லாலாங் புல்லை அரைத்துச் சாறு எடுத்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஸ்டான்லி வாரன் வயிற்றுக்கடுப்பால் படுத்திருந்த கட்டடத்திலேயே, நிற்கத் தெம்பு வந்த வேளைகளில், பில்லியர்ட்ஸ் சுண்ணக்கட்டியைப் பொடித்து நீலம் உண்டாக்கிச் சுவரில் விவிலியக் காட்சிகளைத் தீட்டினார். சாங்கி அருங்காட்சியகத்தில் அவற்றின் நகல்களைப் பார்க்கலாம். ஒரு கைதி கடைசிவரை ஒளித்துவைத்திருந்த சின்னஞ்சிறு கோடாக் கேமராவும் அங்கே இருக்கிறது. மற்றக் காட்சிப் பொருள்களைவிட அதன் முன்னால் மாணவர்கள் கூடுதலாக நிற்பதைக் கவனித்திருக்கிறேன்.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது இராணுவப் புகைப்படக்காரர்களும் வந்தார்கள். இடுப்பில் ஒரு துணியோடு, விலா எலும்பு எண்ணும்படி நிற்கும் கைதிகளின் படங்கள் அப்போது எடுத்தவை. இங்கிருந்து நியூகினிக்குக் கொண்டுபோன இந்தியப் போர்க்கைதிகளில் உயிரோடு எஞ்சியவர்களை ஆஸ்திரேலியர்கள் மீட்டுப் படம் பிடித்தார்கள். இவற்றை எடுத்த நோக்கமும் தெளிவு. 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் 131 போர்க்குற்ற விசாரணைகள் நடந்தன. எலும்பு சாட்சி சொன்னது.

இந்தியத் தேசிய இராணுவத்துப் படங்களில் நான் பார்த்தவரை காயமே இல்லை. 1940-இல் சென்னையிலிருந்து வந்து இங்கே ஏழை இந்தியர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனைப் படங்களில் தொப்பியும் காலணியுமாக அணிவகுப்பில்தான் காண்கிறோம். ஸ்டெதஸ்கோப்போடு காண்பது அரிது. அந்த இராணுவம் உலகுக்குக் காட்ட விரும்பியது நிமிர்ந்த முதுகை. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

எஞ்சியிருப்பது சயாம் ரயில்பாதை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்டது. அங்கே அனுப்பப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் பர்மியரும் ஜாவானியரும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் அதைப்போல் பல மடங்கு. எண்ணிக்கையே மதிப்பீடுதான், ஏனென்றால் எண்ணியவர் இல்லை. கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது, தங்களுக்கென்று மருத்துவர்கள் இருந்தார்கள். பர்மாப் பக்கம் 55 கிலோமீட்டர் முகாமில் ஆல்பர்ட் கோட்ஸ் என்ற மருத்துவர், டச்சு வேதியியலாளர் ஒருவர் தயாரித்துக் கொடுத்த கொக்கெய்ன் கரைசலை முதுகில் செலுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை எடுத்தார். மூங்கில் கீறிய சிறு சிராய்ப்பு, பட்டினி உடம்பில் சில நாள்களில் எலும்பு தெரியும் புண்ணாகிவிடும். கூர்தீட்டிய கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுப்பார்கள். சாக்கர் அதை வரைந்திருக்கிறார். கெண்டைக்கால் முழுதும் திறந்து கிடக்கிறது, ஓரங்கள் தடித்திருக்கின்றன. அளவுகோல் இல்லாமலேயே அதன் நீளத்தை என்னால் சொல்ல முடியும்.

டிஜிட்டல் கேமரா வார்டுக்கு வந்த புதிதில் ஒரு முதியவர் என்னிடம் வந்தார். ஜோகூர்த் தோட்டத்தில் பிறந்து, பிறகு சிங்கப்பூர் வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். குதிகாலில் நீரிழிவுப் புண். அளவுகோலை வைத்தபோது, அதற்குச் சற்று மேலே முன்னங்காலில் பளபளவென்று உள்வாங்கிய பழைய தழும்பு ஒன்றைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் ஒரு மயிர் இல்லை.

"மிஸ்ஸி, இந்தப் படம் எதற்கு?" என்றார்.

"புண் சிறிதாகிறதா என்று டாக்டர் பார்ப்பார், தாத்தா."

"இதையும் சேர்த்து எடுங்கள். சயாமில் மூங்கில் குத்தியது."

"ஆறிவிட்டதே தாத்தா. ஆறாத புண்ணைத்தான் எடுப்போம்."

அவர் சிரித்தார். "சரி சரி. இதற்கும் யாராவது கணக்குக் கேட்டு வந்துவிட்டார்களோ என்று பார்த்தேன்."

கட்டுப் போடும்போது மேலும் சில சொன்னார். கங்காணி இரண்டு மாத வேலை என்றுதான் சொன்னாராம். அவரோடு போன அண்ணன் காலராவில் போய்விட்டார். இவருடைய காலைச் சுரண்டியவர் ஒரு வெள்ளைக்காரர். கோவணம் மாதிரி ஒரு துணி மட்டும் கட்டியிருந்தாராம். "டாக்டர் என்றார்கள். எங்களைவிட மோசமாக இருந்தார். சோற்றுக்கு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்." நோயாளிகள் சொல்லும் பல கதைகளில் இதுவும் ஒன்று என்று அன்று கேட்டுக்கொண்டேன். ஓய்வுபெற்ற பிறகு படித்தபோது அந்த டாக்டர் யாராக இருந்திருக்கலாம் என்று புரிந்தது. தொழிலாளர் முகாம்களில் காலரா தலைவிரித்தாடியதால், 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் சாங்கியிலிருந்து "கே", "எல்" என்ற பெயர்களில் இரண்டு மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் அனுப்பினார்கள். எல்லோரும் கைதிகள். ஆசியத் தொழிலாளர்களைக் கவனிப்பதற்கென்றே போனவர்கள். கையில் மருந்து ஏதும் இல்லாமல், பேச மொழியும் தெரியாமல், குடிசை குடிசையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். தமிழ்க் கூலிகளின் புண்ணைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு ஆங்கில அறிக்கைகள் இருக்கின்றன. அந்தப் புண்களின் படம்தான் எனக்கு அகப்படவில்லை. ஓய்வூதிய வாரியம் இல்லை, அஞ்சலட்டை வாங்க ஆள் இல்லை, வழக்கு நடத்த ஒரு அரசு இல்லை. யாரிடம் காட்டுவதற்கு எடுப்பார்கள்?

கிராஞ்சியில், நெருப்புக்கு ஒப்படைக்கப்பட்ட இந்திய வீரர்களுக்கென்று ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஏறத்தாழ 800 பெயர்கள். தாத்தாவின் அண்ணன் பெயர் அதில் இருக்காது. அவர் சிப்பாய் இல்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் தமிழில் பேசியவர்களை இப்போது ஒருவர் ஒருவராகக் கேட்டுவருகிறேன். புண்ணைப் பற்றிப் பேசும் இடங்களில் பேட்டி எடுப்பவர் கொஞ்சம் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்; நானாக இருந்தால் எந்தக் கால், எவ்வளவு ஆழம், யார் கட்டுப் போட்டது என்று கேட்டிருப்பேன்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் படம் இருந்தால், தோட்டத்து மருந்துக்கடை முன் நின்றதோ, ஆசுபத்திரி உடையில் நின்றதோ எதுவானாலும், பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள். ஓரத்தில் நிற்பவர் பெயரையும் சேர்த்து. மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், அழுத்தாமல். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கத்துக்கு ஊறி வந்து முகத்தைக் கெடுத்துவிடும்.